லிஃப்ட்காரர் படியில் இறங்கினார்

மார்ச் 3, திங்கள்

வெளிநாடு வந்தால் எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள், கோபுரத்தைப் பார்ப்பார்கள். இவர் லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஹோட்டலுக்குள் நுழைந்ததுமே பெட்டியைக் கீழே வைத்துவிட்டு லிஃப்ட் கதவில் காதை வைத்தார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும் இவர் லிஃப்ட் மெக்கானிக் என்று. கை சும்மா இருந்தாலும் காது சும்மா இருக்காது. "கயிறு முனகுது. இதுல யாரும் ஏறக் கூடாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்கள் அறை மூன்றாவது மாடி. ஆக, ஹோட்டலில் உள்ள மற்றவர்கள் எல்லாம் லிஃப்ட்டில் போகிறார்கள்; லிஃப்ட்காரர் குடும்பம் மட்டும் படியேறுகிறது.

நாத்தனாருக்குக் கோபம். இவருடைய அக்கா. தலைமையாசிரியையாக இருந்து இப்போதுதான் ஓய்வு பெற்றார். அப்போது வந்த பணத்தில்தான் எங்களையும் ஆசையாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "ஏன்டா தம்பி, மிச்சப் பணத்தை முழங்கால் டாக்டருக்குக் குடுக்க வைக்கலாம்னு பாக்கறியா?" என்று ஒவ்வொரு மாடியிலும் நின்று கேட்கிறார்.

"ஒன்னுமில்லக்கா. இதோ வந்துருச்சு."

இந்த "ஒன்னுமில்ல" இவருடைய தொழில் மந்திரம். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களுக்கு வெளியே நின்று சொல்லிச் சொல்லிப் பழகியது. "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல, ரெண்டு நிமிஷம்." எனக்குப் பிரசவ வலி வந்தபோதும் இதையேதான் சொன்னார். ரெண்டு நிமிஷமாம்!

அந்தப் பிரசவத்தில் வந்தவள் இப்போது கல்லூரி போகிறாள். வீட்டில் அவளுக்கு வானொலி என்று பெயர். நிறுத்துகிற பொத்தான் கிடையாது.

காலைப் பிரார்த்தனை ஜன்னலோரம். எங்கே போனாலும் ஆண்டவன் ஒருவன்தானே, என் மொழி புரியும். செலவுக் கணக்கும் எழுதி முடித்தேன், இடிக்கவில்லை. வந்தது நாலு பேர், நாலு பெட்டி. எல்லாம் பத்திரம்.

மார்ச் 5, புதன்

இவர் விழுந்துவிட்டார். படியில். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். ஆண்டவனே.

மார்ச் 6, வியாழன்

இப்போதுதான் உட்கார இடம் கிடைத்தது. இவர் கட்டிலின் கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

நேற்று காலை நல்ல மழை. யாரோ நனைந்த குடையைச் சொட்டச் சொட்டப் பிடித்துக்கொண்டு படியேறியிருக்கிறார்கள். இவர் தோளுக்கு ஒரு பையாக மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார். பின்னால் திரும்பி, "பாத்து வாக்கா, வழுக்க—" என்றார். சொல்லி முடிக்கவில்லை. நான் சட்டைக் காலரைப் பிடித்தேன். பிடித்திருக்கக் கூடாதோ? காலர் என் கையோடு வந்தது, நான் அவரோடு போனேன்.

நாங்கள் தரையில் கிடந்தபோது லிஃப்ட் கதவு திறந்தது. ஒரு வயதான தம்பதி கைகோத்துக்கொண்டு நிதானமாக இறங்கினார்கள். எங்களைப் பார்த்தார்கள். லிஃப்ட்டையும் பார்த்தார்கள்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டாமாம், அந்த மட்டில் ஆண்டவனுக்கு நன்றி. பாதத்திலிருந்து முழங்கால் வரை மாவுக்கட்டு. என் வலது மணிக்கட்டும் படி விளிம்பில் இடித்தது. ஒன்றுமில்லை, சுளுக்காக இருக்கும். தைலம் தடவியாயிற்று.

இங்கே ஒரு பெரிய நர்ஸ் இருக்கிறார். உருவத்திலும் பெரியவர், அதிகாரத்திலும் பெரியவர். ஒரு அட்டையை நீட்டினார். வரிசையாக முகங்கள். சிரிக்கிற முகத்துக்குப் பூஜ்யம், கண்ணீர் விடுகிற முகத்துக்குப் பத்து. வலி எவ்வளவோ அந்த முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். இவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. தொட்டது சிரிக்கிற முகத்தை.

"அப்பா, எலும்பு உடைஞ்சிருக்கு. அதுக்குக் கொஞ்சம் மரியாதை குடுங்க" என்றாள் வானொலி.

"ஒன்னுமில்லம்மா."

நர்ஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், தலைகீழாகக் காட்டிவிட்டோமோ என்று.

மார்ச் 7, வெள்ளி

நாத்தனார் புறப்படும்போதே பிடிவாதமாக எல்லோருக்கும் பயண இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார். அப்போது நான் மனசுக்குள் வீண் செலவு என்று நினைத்தேன். வாபஸ்.

நாத்தனார் அதட்டுவார், வானொலி நிறுத்த மாட்டாள்; ஆக, இன்ஷூரன்ஸ்காரர்களிடம் போனில் பேசும் பொறுப்பு என் தலையில். நான் ஆங்கிலம் கற்றது மகளின் பழைய பாடப்புத்தகங்களில். அவள் மேல் வகுப்புக்குப் போனதும் போன வகுப்புப் புத்தகம் எனக்கு வந்துவிடும். புத்தகத்தில் லீவு லெட்டர் எழுதச் சொல்லித் தருகிறார்கள், கால் முறிந்தால் போனில் பேசச் சொல்லித் தருவதில்லை. "என் கணவரின் கால் முறிந்தபடியால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்" என்கிற தோரணையில்தான் பேசினேன். மறுமுனையில் இருந்தவர் சிரிக்கவில்லை. சர்க்கரைப் பாகு மாதிரிக் குரல். வானொலி அவருக்குப் பாகுக்குரல் என்று பெயர் வைத்துவிட்டாள்.

அவர்களுடைய டாக்டர் இவரிடமே கேள்வி கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள். காலைத் தொங்கவிட்டு உட்கார முடியுமா? முடியும். விரல் மரத்துப் போகிறதா? இல்லை. வலி? அவள் வாயைத் திறப்பதற்குள் இவரே போனைப் பிடுங்கி "நோ பெயின்! ஜீரோ!" என்றார். இந்த ஆங்கிலத்தை மட்டும் எங்கே கற்றாரோ.

ஆக, திங்கட்கிழமை, ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டில், எங்கள் சீட்டிலேயே, எல்லோரும் ஒன்றாக வீடு. எவ்வளவு சுலபம்! ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தால், இவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறார். தூங்கவில்லை. தாடை அசைகிறது. பல்லைக் கடிக்கிறாரா?

கேட்டேன். ஒன்னுமில்ல.

மார்ச் 8, சனி

வரவு: ஊன்றுகோல் ஒரு ஜோடி. சக்கர நாற்காலி ஒன்று, ஆஸ்பத்திரி இரவல்.
செலவு: இவருடைய கௌரவம்.

நாத்தனார்தான் தள்ளுகிறார். தலைமையாசிரியை தள்ளினால் அது நாற்காலி இல்லை, ஊர்வலம். "ஓரம்! ஓரம்!" என்கிறார். நம் பாஷை ஒரு எழுத்துகூடத் தெரியாதவர்கள் சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

பெட்டி கட்டினோம். மாத்திரைப் புட்டியின் மூடி எனக்குத் திறக்கவில்லை, மகளிடம் நீட்டினேன். "என்னம்மா, இதுகூடவா?" என்றாள். ரொம்ப இறுக்கம் என்றேன். அவள் சட்டென்று திறந்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நல்ல பலம்.

மார்ச் 10, திங்கள்

மறுபடி அதே ஆஸ்பத்திரி. அதே பிளாஸ்டிக் நாற்காலி.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. விமானத்தில் ஏறி உட்கார்ந்தும் ஆயிற்று. கதவு இன்னும் மூடவில்லை. இவர் பாதத்துக்குக் கீழே என் பையை முட்டுக் கொடுக்கலாம் என்று குனிந்தேன். மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் — கத்தரிக்காய் நிறம். தொட்டேன். சில்லென்று இருந்தது.

"என்னங்க, விரலை அசைங்க."

என் பக்கம் திரும்பாமல் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்தார்.

"அசைங்கன்னு சொல்றேன்ல!"

"அசைச்சுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார்.

எதுவும் அசையவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. நான் கத்தியது. பணிப்பெண் ஓடி வந்தது. விமான நிலைய டாக்டர் பார்த்தவுடன் பறக்கக் கூடாது என்று தலையை ஆட்டியது. மற்றவர்கள் பயணம் செய்யலாம் என்றார்கள். நாத்தனார் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். "வந்தது நாலு பேர். இறங்கறதும் நாலு பேர்." என் வாயில் இருந்ததை அவர் சொல்லிவிட்டார்.

இங்கே கொண்டுவந்து கட்டை நீளவாக்கில் வெட்டிப் பிளந்தார்கள். உள்ளே கால் வீங்கி, கட்டு இறுகி, ரத்தம் ஓடவே வழியில்லாமல் இருந்திருக்கிறது. டாக்டர் பேசினார். வானொலி மொழிபெயர்க்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். அவள் வாயடைத்து நின்று நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் புரிந்தது. இந்த வலியை மறைத்துக்கொண்டு பறந்திருந்தால் பாதத்தை இழந்திருப்பார் என்றார். அந்த அளவு ஆங்கிலம் என்னிடமும் இருக்கிறது.

விரல்கள் மெல்ல நிறம் மாறுகின்றன. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆண்டவனிடம் இன்று கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். அதே பிரார்த்தனையில் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

சண்டை போட்டேன். வார்டு முழுக்கக் கேட்கும்படி.

"எப்பருந்து வலி?"

"மொதல்ல இருந்தே."

"ஏன் சொல்லல?"

"அக்கா எவ்வளவு ஆசையா கூட்டிட்டு வந்துச்சு. வலின்னு சொன்னா இங்கயே புடிச்சு வச்சுக்குவாங்க. ஊர் பாக்க வந்துட்டு உங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரியத்தான் காட்டணுமா? வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு..."

எதைப் பாத்துக்கறது? வீட்டுக்குப் போயி எந்தப் பாதத்தைப் பாத்துக்கறது? எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ—

"லிஃப்ட்டுக்குள்ள மாட்டினவங்க மணியடிக்காம, அய்யோ பாவம் மெக்கானிக்குக்கு எதுக்குத் தொந்தரவுன்னு உள்ளயே உக்காந்திருந்தா, நீங்க வருவீங்களா? உங்களுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷமா வெளிய நின்னு ஒன்னுமில்ல ஒன்னுமில்லன்னு சொன்னீங்க. சரி. இப்ப நீங்க வெளிய இல்ல. உள்ள மாட்டிக்கிட்டு இருக்கற ஆளே நீங்கதான். மணியை அடிங்க!"

பக்கத்துக் கட்டில்காரர் தன் கட்டிலில் இருந்த மணியை அழுத்திவிட்டார், பயத்தில்.

பெரிய நர்ஸ் ஓடி வந்தார். இவர் கையை நீட்டி அந்த அட்டையைக் கேட்டார். கண்ணீர் முகத்துக்கு முந்தின முகத்தில் விரலை வைத்தார். ஒன்பது. நர்ஸ் ஒரு பெருமூச்சு விட்டு ஏதோ சொன்னார். பாஷை தெரியாது, ஆனால் அது "அப்பாடா"தான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது. உடனே ஊசி போட்டார். இவர் இந்த ஊருக்கு வந்து நிம்மதியாகத் தூங்கியது இன்றைக்குத்தான்.

நாத்தனாரைக் காணோம். வராந்தாவில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சின்ன வயசுலயும் இப்படித்தான். விழுந்து எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டு சிரிப்பான். நான்தான இவனை இழுத்துட்டு வந்தேன்?"

"நீங்க கூட்டிட்டு வந்தது சரிதான் அக்கா. படியில இழுத்துட்டுப் போனது உங்க தம்பிதான்."

சிரித்துவிட்டார். அழுதுகொண்டே சிரித்தால் மூக்கு இன்னும் அதிகமாக ஒழுகும். என் கைக்குட்டையையும் கொடுத்தேன்.

மார்ச் 13, வியாழன்

விரல்கள் அசைகின்றன! பெருவிரல் எனக்குச் சலாம் போட்டது. ஆண்டவனே, உனக்கும் ஒரு சலாம்.

வேறு தொல்லை தொடங்கியிருக்கிறது. மணியடிக்கக் கற்றுக்கொண்டவர் நிறுத்துவதில்லை. காலையில் ஆறு. மதியம் ஐந்து. டீ ஆறிப்போயிருந்தால் ஏழு. தலையணை மடங்கினால் ஏழரை. நர்ஸுக்கே அலுத்துவிட்டது.

"அப்பா, மணியடிங்கன்னுதான் சொன்னோம். கச்சேரி வைக்கச் சொல்லல" என்கிறாள் வானொலி. அவளும் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டாள். எல்லாம் வழக்கத்துக்கு வருகிறது.

மார்ச் 14, வெள்ளி

பாகுக்குரல் கூப்பிட்டார். இந்த முறை இவர் தன் வலியை எண்ணோடு சொன்னார். அவர்களுடைய டாக்டர் நிறையக் குறித்துக்கொண்டார். முடிவு: காலை நீட்டிப் படுத்துக்கொள்கிற சீட் ஒன்று, பக்கத்தில் துணைக்கு ஒருவர். மற்ற இருவருக்கும் அதே விமானத்தில் பின்னால் இடம். வரும் திங்கட்கிழமை.

துணைக்கு யார்? அடுத்த சண்டை.

"என் தம்பியை நான் பாத்துப்பேன்" என்றார் நாத்தனார்.

"அத்தை, உங்க முழங்கால் படியில சத்தம் போட்டதை அப்பா லிஃப்ட் சத்தம்னு நினைச்சாரு" என்றாள் இவள்.

ஆக, நான்தான். பாகுக்குரல் என்னிடமும் கேட்டார். உடம்பு எப்படி? காலைத் தூக்கி வைக்க முடியுமா? உங்களுக்கு வலி ஏதாவது உண்டா? "நோ பெயின்" என்றேன்.

போனை வைத்த பிறகு என்னவோ உறுத்தியது. கூட்டல் சரியாக வந்தும் ஏதோ ஒரு செலவை எழுதாமல் விட்ட மாதிரி. எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

மார்ச் 17, திங்கள்

மேகத்துக்கு மேலே எழுதுகிறேன். சிறு குறிப்புதான்.

இவர் ராஜா மாதிரி படுத்திருக்கிறார். நான் அவ்வப்போது தலையணையைச் சரிசெய்து, விரலைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இளஞ்சூடு. பணிப்பெண் வந்து குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டால் இவர் "நாலு" என்கிறார். வலியைக் கேட்கிறாள் என்று நினைப்பு. நாலு கோப்பை ஆரஞ்சு ஜூஸ் வந்துவிட்டது.

பின்னாலிருந்து நாத்தனார் வந்து வந்து எட்டிப் பார்க்கிறார். திரை போட்டிருக்கிறது, இந்தப் பக்கம் வரக் கூடாதாம். தலைமையாசிரியைக்குத் திரை ஒரு பொருட்டா?

மார்ச் 18, செவ்வாய்

வீடு.

கீழே வாசலில் இவருடைய ஒர்க்‌ஷாப் கூட்டாளிகள் எல்லோரும் நின்றார்கள். "அண்ணே, உலகமே லிஃப்ட்டை நம்புது. நீங்க மட்டும் படியை நம்பிட்டீங்களே!" அந்த ஹோட்டல் லிஃப்ட் நாங்கள் இருந்த நாளெல்லாம் ஒரு தரம்கூட பழுதாகி நிற்கவில்லை என்பதை வானொலி ஒலிபரப்பிவிட்டாள். இவர் அவர்கள் கொண்டுவந்திருந்த சக்கர நாற்காலியில் இருந்தபடியே எங்கள் குடியிருப்பு லிஃப்ட்டின் கதவில் காதை வைத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "போலாம்" என்றார். ஏறினோம்.

போனது நாலு பேர், வந்தது நாலு பேர். நாலு பெட்டி, ஒரு ஜோடி ஊன்றுகோல். கணக்கு நேர். முழந்தாளிட்டு நன்றி சொன்னேன். எழுந்திருக்கும்போது தரையில் கையை ஊன்றினேன், சுரீர் என்றது. கையெழுத்தும் கோழி கிளறியது போல இருக்கிறது. பயணக் களைப்பு.

மார்ச் 20, வியாழன்

வேலையில்லாத மெக்கானிக் வீட்டில் உட்கார்ந்திருந்தால் வீடே லிஃப்ட்தான். காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவில் இருந்து, எல்லாவற்றையும் கேட்கிறார். குழாய் சொட்டுது. ஃபேன் முனகுது. பீரோ கதவுக்கு எண்ணெய் போடணும். நான் தலையை ஆட்டிக்கொண்டே வேலையைப் பார்த்தேன்.

"இங்க பாரு. நீ ஏன் பாட்டில் மூடியைக் கதவிடுக்குல வச்சுத் திறக்கற?"

"ஒன்னுமில்லங்க."

சொல்லிவிட்டேன். சொன்னதும் என் காதிலேயே விழுந்தது. இவர் சிரிக்கவில்லை. வானொலி பேசிக்கொண்டிருந்த போனை வைத்துவிட்டு அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"கையைக் காட்டு" என்றார்.

மார்ச் 22, சனி

சொல்வது நான், எழுதுவது இவர். என் வலது கையில் கட்டை விரலோடு சேர்த்து மாவுக்கட்டு. மணிக்கட்டில் சின்ன எலும்பு ஒன்று விரிசல் விட்டிருக்கிறதாம், படியில் விழுந்த அன்றே. இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். இவர் முன்னால் திட்டு வாங்கியதுதான் பெரிய வலி.

(இதை எழுதாதீங்க என்றாள். எழுதிவிட்டேன்.)

நாத்தனார் போனில் சொன்னது: "உனக்குக் கால் இல்ல, அவளுக்குக் கை இல்ல. ரெண்டு பேரையும் சேத்தா சரியா ஒரு ஆள் வருதுடா. அதுவரைக்கும் லாபம்." மகள் சமைக்கிறாள். ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும்.

(நன்றாகத்தான் சமைக்கிறாள். உப்பு மட்டும் ஆறு.)

இன்று காலை பிரார்த்தனைக்குக் கை கூப்ப முடியவில்லை. இவர் நாற்காலியை என் வலப் பக்கம் நகர்த்திப் போட்டு, தன் உள்ளங்கையை என் இடது கையோடு சேர்த்து வைத்தார். மெக்கானிக் கை, சொரசொரவென்று இருந்தது. அப்படியே பிரார்த்தனை முடிந்தது.

செலவுக் கணக்கு நாளைக்கு. இவர் கூட்டலை நம்பி எழுத முடியாது.

கை வலி ஒன்றுமில்லை.

(இதை மட்டும் நான் எழுதியிருக்கக் கூடாது. அவள் சொன்ன வேகத்தில் எழுதிவிட்டேன். பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். மூன்று என்றாள். பேனாவை மூடினேன். என்னங்க இது, சரி, ஐந்து என்றாள். மூடியைத் திறக்கவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.)

ஏழு.